சிங்கம் போட்ட பெட்டி

அவர்களே, அவர்களே என்று ஒன்றியச் செயலாளர் மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாங்குப்பம் சந்தைமேட்டு மைதானத்தில் மேடை. மேடையில் இருபத்தேழு நாற்காலி. இருபத்தேழு பேருக்கும் பேரும் பதவியும் சொல்லி, கடைசியில் ஒரு ‘அவர்களே’ போட்டு முடித்தால்தான் கூட்டம் கூட்டமாகும். ஒரு பேர் விட்டுப்போனால் அந்த ஆள் நாளைக்கே எதிர்க்கட்சி. அதனால் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த இடிமுழக்கம் ஏகாம்பரத்துக்கு இன்னும் அரை மணி நேரம் வேலை ஒன்றும் கிடையாது. முறை வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பேசிப் பேசியே எழுபத்திரண்டு வயசான மனுஷனுக்குச் சும்மா உட்காருகிற மாதிரி ஒரு தண்டனை இல்லை. வாய் மூடினால் மனசு திறந்துகொள்ளும். திறந்தால் என்னென்ன ஊர்ந்து வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் சட்டைப் பையில் இருந்த துண்டுச்சீட்டைத் தொட்டுப் பார்த்தார். மத்தியானம் தலைமையிலிருந்து போனில் வந்ததை உதவியாளன் எழுதிக் கொடுத்தது. ‘படை அனுப்பும் தீர்மானத்தை நம் கட்சி ஆதரிக்கிறது என்று இன்றே மேடையில் அறிவித்துவிடவும்.’ திங்கட்கிழமை டெல்லியில் ஓட்டு. கட்சிக்குப் பதினாலு எம்.பி. டெல்லியில் பதினாலு பேருக்கும் தலைவர் ஏகாம்பரம். அவர் கை தூக்கினால் பதினாலு கையும் தூக்கும், நம்ம பட்டாளம் கடல் தாண்டி அந்தப் பாலைவன தேசத்துக்குப் போகும். அவர் கை மடியில் கிடந்தால் மற்றதும் மடியில் கிடக்கும், பட்டாளம் போகாது. இழுபறி அவ்வளவு இறுக்கமாக இருந்தது. காலையில் பயணியர் மாளிகை வாசலில், பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய பச்சையம்மா வந்து நின்றதும் இதற்குத்தான். “புள்ள பேரு மொத லிஸ்ட்ல கீதுங்க. உங்க வார்த்தைக்குத்தான் டெல்லியே காத்துனு கீதாமே, பேப்பர்ல போட்டுக்கீறாங்க. அப்டியாங்க?” அப்படித்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கலாம்மா என்றார். அவள் போகாமல் நின்று இன்னொன்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “உங்க வூட்லருந்து யாரும் பட்டாளத்துக்குப் போவலீங்களா?”

போகவில்லை. மூத்தவன் மருந்துக் கம்பெனி, சின்னவன் அமெரிக்காவில். பேரன் ஒருத்தன் ரத்தம் பார்த்தால் மயங்கிவிடுவான். அதை யாரிடமும் சொல்லியிருக்கிறாரா? இல்லை. பொன்னாடை ஒன்று வந்து தோளில் விழுந்தது, அதற்கு மேல் இன்னொன்று. ஜரிகை கழுத்தை அறுத்தது. அறுத்தது என்கிற வார்த்தை மனசில் வந்ததுமே, காரில் வரும்போது உதவியாளன் காட்டிய படம் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது. மணல். வெயில். மணலில் முட்டி போட்டு ஆறு பேர். ஆறு பேரும் நம்ம ஜில்லா, கட்டட வேலைக்குப் போனவர்கள். அதோ பேனரில் வரிசையாக, முகத்தை இழுத்துப் பெரிசாக்கி, கண்ணீர் அஞ்சலி போட்டிருக்கிற அதே ஆறு பேர். மூணாவதாக இருந்தவன் லோகநாதன், இந்த ஊர்க் கொத்தனார், போன தேர்தலில் பூத்தில் உட்கார்ந்த பையன். கத்தி கிட்டே வந்தபோது அவன் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தான். காங்கிரீட் போட்ட அன்றைக்கு மழை வருமா என்று பார்க்கிறதுபோலப் பார்த்தான். அப்புறம் அந்தக் கழுத்து திறந்துகொண்டது. ரத்தம் மணலில் விழுந்து ஓடவில்லை, விழுந்த இடத்திலேயே மணல் குடித்துவிட்டது. கத்தி சத்தம் கேட்கவில்லை. படம் எடுத்தவன் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது, மாடிப்படி ஏறினவன் மூச்சு மாதிரி. ஏகாம்பரம் மூன்று தரம் பார்த்தார். முதல் தரம் பார்க்க வேண்டி வந்தது. இரண்டாம் தரம் நம்ப முடியாமல். மூன்றாம் தரம் எதற்குப் பார்த்தார்? அடிவயிற்றில் ஏறின அந்தச் சூடு இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று. அனுப்பத்தான் வேண்டும், அந்த ஊரைத் தரையோடு தரையாக இழைக்கத்தான் வேண்டும். படம் எடுத்தவனை, அவன் மூச்சை, குழாயை மிதித்து நிறுத்துகிற மாதிரி நிறுத்த வேண்டும். இது சீட்டில் எழுதி வந்ததில்லை, சொந்தக் கோபம். எழுபத்திரண்டு வயசில் உடம்பு இப்படி நரம்பு நரம்பாகப் புடைக்குமா என்று அவருக்கே ஆச்சரியம், கொஞ்சம் சந்தோஷம்கூட. சுகமான சூடு. இந்தச் சூடு அவருக்குப் புதுசில்லை. பழைய சிநேகிதன் வந்து முதுகில் தட்டுகிற மாதிரி இருந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தால்தான் ஆபத்து.

பார்க்காமல் இருக்க, கூட்டத்தைப் பார்த்தார். முன்னால் பெண்கள் தரையில். பின்னால் நாற்காலி. அதற்குப் பின்னால் நிற்கிற பையன்கள், நெற்றியில் கறுப்புத் துணி. ஓரத்தில் வரிசையாக மூங்கில் நட்டு ட்யூப்லைட் கட்டியிருந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டதால் போட்டுவிட்டிருந்தார்கள். ஏழு மூங்கில், ஏழு விளக்கு. கடைசி மூங்கிலுக்குக் கீழே ஒரு தள்ளுவண்டி. பேரீச்சம்பழம். தாடி வைத்த ஒரு பெரியவர் பழத்து மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தார். வண்டிக்கு முட்டுக்கொடுத்து ஒரு அட்டைப்பெட்டி. அதில் ஈச்சமரம் ஒன்றும், வளைந்து வளைந்து போகிற வேற்று நாட்டு எழுத்தும். அந்த எழுத்து இங்கே மேடையிலிருந்தே தெரிகிறதே. கண்ணாடி மாற்றியதில் கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஏன் தெரிகிறது? “குப்புராஜ், அது யாரு?” என்று பக்கத்து நாற்காலியில் இருந்த மாவட்டச் செயலாளரைக் கேட்டார். குப்புராஜ் வாயில் இருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். “பேர்ணாம்பட்டு பாய் தலைவரே. வருசா வருசம் வருவாரு. என் மாமியாருக்கு ரத்தம் கம்மின்னு இவர்கிட்டதான் வாங்குவேன். பழம் துண்ணு துண்ணு கெய்வி இப்ப என்னையே அடிக்கிற தெம்புல கீது.” ஏகாம்பரம் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் வண்டியண்டை கறுப்புத் துணி கட்டிய மூன்று பையன்கள் போய் நின்றதைப் பார்த்தார். ஒருத்தன் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டான். இன்னொருத்தன் காலால் அந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். பழம் வாங்கத்தான் போயிருப்பார்கள். பழம் வாங்காமல் வேறெதற்குப் போவார்கள். மைக்கில் இன்னும் ஒன்பதாவது ‘அவர்களே’. அடக்கி வைத்திருந்த மூத்திரம் முட்டியது. எழுந்து போகலாமா? எழுந்தால் தலைவர் கிளம்புகிறார் என்று கூட்டம் கலையும். உட்கார்ந்தார். காலால் பெட்டியைத் திருப்பினானே, ஏன் திருப்பினான்.

அந்தப் பெட்டி வேறே பெட்டி. அது மரம், இது அட்டை. அதில் சிங்கம், இதில் ஈச்சமரம். முப்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. இதே சந்தைமேடு, இதே மாதிரி ஒரு அந்திநேரம். அப்போது ஏகாம்பரத்துக்கு முப்பத்து நாலு, தலைமுடி கறுப்பு, குரல் வெண்கலம். கடலுக்கு அந்தப் பக்கம் தீவில் நம்ம ஜனத்தைக் கொளுத்துகிறார்கள், படையை அனுப்பு, உடனே அனுப்பு என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த காலம். சொன்னது பொய்யில்லை, கொளுத்தத்தான் செய்தார்கள். அன்றைக்கும் இந்தச் சூடு அடிவயிற்றில் இருந்தது. பேச்சு உச்சத்துக்குப் போனபோது, ஒரு வீச்சுக்காக, ஓசை நன்றாக இருக்கிறதே என்று, யோசிக்காமல் ஒரு வரி வந்து விழுந்தது. ‘அங்கே அவன் நம்மை வெட்டுகிறான், இங்கே அவன் நம் தெருவிலே விற்கிறான். இதோ இந்த மைதானத்து ஓரத்திலேகூட நிற்பான்.’ யாரையும் நினைத்துச் சொல்லவில்லை. சத்தியமாக யாரையும் நினைக்கவில்லை. ஆனால் ஓரத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். சைக்கிள் கேரியரில் டீத்தூள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பேச்சு கேட்க நின்றவன். மூன்று அடிக்கு மரப்பெட்டி, பக்கவாட்டில் வாளைப் பிடித்த சிங்கம் முத்திரை, அந்தத் தீவு எழுத்து. கூட்டம் திரும்பியது. ஐயாயிரம் தலை ஒன்றாகத் திரும்பினால் காற்றில் ஒரு சத்தம் வரும். நெல் அளக்கிறபோது வருகிற மாதிரி. அந்த ஆள் சிரித்தான். எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டுச் சிரித்தான். அப்புறம் சைக்கிள் சாய்ந்தது. அப்புறம் மூங்கில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன, பிடுங்கினார்கள். டப். முதல் ட்யூப்லைட் ஒரு மனுஷன் தலையில் உடைகிற சத்தம் அவ்வளவு பெரிசில்லை, குழந்தை பலூன் உடைகிற மாதிரிதான். டப். தலையிலும் மீசையிலும் வெள்ளை வெள்ளையாக மாவு கொட்டி, அந்த ஆள் ஒரு நொடியில் கிழவனாகிவிட்டான். அந்த வெள்ளையில் சிவப்பு இறங்கியது. அதன் பிறகு விளக்கு தீர்ந்துபோய், மேடைக்குப் போட்டிருந்த மரப்படியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அது வேறே சத்தம். ஏகாம்பரத்தின் அப்பா ராணிப்பேட்டைத் தோல்ஷாப்பில் வேலை செய்தவர். ஊறின தோலைக் கல்லில் அறைகிறபோது ஒரு சத்தம் வரும், ஈரமும் கனமுமாக. அதே சத்தம். சின்ன வயசில் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவார். அன்றைக்கு அந்தச் சத்தத்துக்கு மேலே பேசினார்.

பேசிக்கொண்டே இருந்தார், அதுதான். இருபது நிமிஷம். கண் பார்த்தது, வாய் பேசியது. நிறுத்தினால் என்னமோ நடந்துவிட்டது என்று ஆகிவிடும். நிறுத்தாமல் பேசினால் ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கணக்கை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இறங்கியிருக்கலாம். நாலு எட்டு வைத்திருந்தால், இடிமுழக்கம் வருகிறார் என்று கூட்டம் தானாக விலகியிருக்கும். அவருக்கு விலகாத கூட்டமா. இறங்கவில்லை. நன்றி வணக்கம் சொல்லி, கைதட்டு வாங்கி, மேடை ஓரத்துக்கு வந்து பார்த்தால் படி இல்லை. யாரோ ஓடிப்போய் அந்த மரப்பெட்டியைத் தூக்கிவந்து படியாகப் போட்டார்கள். “பாத்து தலைவரே, பாத்து” என்று இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். பெட்டி மேல் வலது கால் வைத்தார். டீத்தூள் செருப்புக்கடியில் நெறுநெறுவென்றது. நல்ல தூள், வாசனை குபீரென்று ஏறியது, அதோடு வேறே ஒரு வாசனையும். குனிந்தபோதுதான் பெட்டியின் இந்தப் பக்கம் தெரிந்தது. சிங்கம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கப்பலில் சாமான் மாறிப்போகாமல் இருக்க, பிரஷ்ஷால் கறுப்பு மையில், கோணல்மாணலாக, நல்ல தமிழில் எழுதியிருந்தது. ‘சந்தனம், த/பெ பழனி, எஸ்டேட் மேல்பிரிவு.’ தேயிலைத் தோட்டத்தில் நாலு தலைமுறை கொழுந்து பறித்துவிட்டு, குடியுரிமை கிடையாது போ என்று தீவுக்காரன் கப்பலேற்றி அனுப்பிய நம்ம ஆள். யாருக்காகப் படையை அனுப்பு என்று கத்தினாரோ அந்த ஜனத்தில் ஒருத்தன். கொண்டுவந்த ஒரே பெட்டி. மறுநாள் பேப்பரில் ‘அடையாளம் தெரியாத நபர் சாவு’ என்று ரெண்டு வரி. போலீஸ் கேட்டது, பேர் தெரியுமா என்று. ஏகாம்பரத்துக்குத் தெரியும். மேடையில் லட்சோப லட்சம் வார்த்தை பேசிய வாய், அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்றுவரைக்கும் சொன்னதில்லை. பெண்டாட்டியிடம்கூட. சந்தனப் பொட்டு வை என்று அவள் சொன்னாலே எழுந்து போய்விடுவார்.

பதினாறாவது அவர்களே. பையன்கள் இப்போது ஆறு பேர். பாய் விசிறுவதை நிறுத்திவிட்டு ஏதோ சொல்கிறார். கையைக் கும்பிடுகிற மாதிரி வைத்திருக்கிறார். விலை சொல்கிறாரோ என்னமோ. அந்த மரப்பெட்டி என்ன ஆயிற்று? யாருக்குத் தெரியும். ரெண்டு வருஷத்தில் காற்று மாறிவிட்டது. படை போனது, போன படை அங்கே நம்ம ஜனத்தையே சுட்டது, ஜனமும் படையைச் சுட்டது, இங்கே வண்டி வண்டியாகப் பெட்டி வந்து இறங்கியது. கட்சி திரும்பிவிட்டது. பஸ் திரும்பினால் உள்ளே உட்கார்ந்தவன் மட்டும் நேரே போக முடியுமா? ஏகாம்பரமும் திரும்பினார். கொலைகாரப் படையே திரும்பி வா என்று இதே வெண்கலக் குரல். படை திரும்பி வந்தபோது கறுப்புக்கொடியோடு போய் ரயிலை மறித்தது அவர்தான். யாரோ கல்லெடுத்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு சிப்பாய்க்கு வாயில் பட்டது. பல்லும் ரத்தமும் அவன் உள்ளங்கையில் விழுந்தன. அவன் திட்டவில்லை. சட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் கம்பி வழியாக ஏகாம்பரத்தைப் பார்த்து, காற்றுப் போகிற பல்லோடு சொன்னான். “போம்போது மாலை போட்டதும் நீங்கதானேய்யா. இதே பிளாட்பாரம்தான்.” ரயில் நகர்ந்துவிட்டது. அவன் என்ன ஊர் என்று கேட்டிருக்கலாம். அந்த வருஷம்தான் மேடைக்கு வந்த ஒரு பெண் குழந்தைக்கு ‘அமைதி’ என்று பேர் வைத்தார். ரேஷன் கடையில் எடை போடுகிறாளாம் இப்போது, ஊரிலேயே பெரிய சண்டைக்காரி என்பார் குப்புராஜ். கட்சியில் அப்படி ஒரு பழக்கம், குழந்தையை மேடைக்குத் தூக்கி வந்து தலைவர் கையில் கொடுத்தால் தலைவர் பேர் வைப்பார். அன்றைக்கு என்ன கொள்கையோ அதுதான் பேர். படையை அனுப்பு என்று பேசிய அந்த அந்தியில், அந்தக் காரியம் நடப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால், இருபது வயசுப் பெண்ணொருத்தி நாற்பது நாள் ஆண் குழந்தையை நீட்டினாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘போர்முரசு’ என்றார். கூட்டம் அதிர்ந்தது. அந்தப் பெண்தான் பச்சையம்மா. அந்தக் குழந்தைதான் இப்போது மொத லிஸ்டில் இருக்கிற ஹவில்தார் போர்முரசு. பேருக்கு ஏத்த மாதிரி பட்டாளத்துக்கே போய்விட்டான் தலைவரே என்று எத்தனை மேடையில் குப்புராஜ் சொல்லி, எத்தனை மேடையில் ஏகாம்பரமே பெருமையாகச் சிரித்திருக்கிறார். போர்முரசு முட்டி போட்டிருக்கிறான், மணலில். இல்லை, அது லோகநாதன். போர்முரசு தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறான். மூச்சு விடுகிறவன் யார்? அந்த மூச்சு தன்னுடையதுபோலவே இருக்கிறதே என்று ஏகாம்பரம் வாயை மூடிக்கொண்டார். சோடா கேட்டார். குடித்தால் மூத்திரம் இன்னும் முட்டும் என்று குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“இப்போது நம் தலைவர் குழந்தைக்குப் பெயர் சூட்டுவார்” என்றது மைக். இரும்புப்படியில் சிவப்புக் கம்பளம் போட்டிருந்தார்கள். அதில் ஏறி வந்தது பச்சையம்மா. காலையில் கட்டியிருந்த அதே பச்சைப் புடவை. இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் போர்முரசுக்குப் பிறந்தது. “மருமவளுக்கு ஒடம்புக்கு முடீல, அதான் நானே தூக்கினு வந்தேன்” என்றாள். குப்புராஜ் காதோரம் சாய்ந்தார். வெற்றிலை வாசனை. “‘வெற்றி’ன்னு வெச்சுடுங்க தலைவரே. மூணே எழுத்து. இன்னிக்கி விசயத்துக்கும் பொருந்தும், அப்டியே பேச்சுக்குள்ள பூந்துடலாம்.” நல்ல யோசனைதான். வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது வெற்றி. ஏகாம்பரம் குழந்தையை வாங்கினார். கனம். சுட்ட கிழங்கு மாதிரி சூடு. பொன்னாடை ஜரிகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டது. இன்னொரு கை சட்டைப் பைக்குள் போய் அந்தத் துண்டுச்சீட்டைப் பிடுங்கி வாய்க்குக் கொண்டுபோனது. மைக்கை ஒருத்தன் அவர் வாயருகே கொண்டுவந்தான். பச்சையம்மா மைக்குக்கு எட்டாத குரலில், பக்கத்து வீட்டுக்காரியிடம் மோர் கேட்கிற மாதிரி சொன்னாள். “இவங்க அப்பனுக்கு நீங்க வெச்ச பேரு வேல செஞ்சிடுச்சுங்க. இவனுக்கு வேல செய்யாத பேரா ஒண்ணு வைங்க.”

ஐயாயிரம் முகம் காத்திருந்தது. அவற்றுக்கு மேலே, கடைசி மூங்கிலை அவர் கண் தேடிப் போனது. ஏழு எண்ணினார். ஆறுதான் எரிந்தது. மறுபடி எண்ணினார், ஒன்று, இரண்டு, மூன்று, குழந்தை சீட்டை மென்றது, நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது மூங்கில் மொட்டையாக நின்றது. ஃபியூஸ் போயிருக்கும். இல்லை, ஒயர் தொங்குகிறது. பிடுங்கியிருக்கிறார்கள். வெற்றி என்று சொல்லிவிட்டால் பேச்சு ஆரம்பித்துவிடும், பேச்சு ஆரம்பித்தால் நிற்காது, நிற்காத பேச்சுக்கடியில் எந்தச் சத்தமும் கேட்காது. அது அவருக்குத் தெரிந்த வித்தை. வாய் திறந்தது. முப்பத்தெட்டு வருஷம் தொண்டையில் மீன்முள் மாதிரி குறுக்கே நின்றது, அதுவாகவே நிமிர்ந்து வெளியே வந்தது. “சந்தனம்” என்றார். குழாய்களில் அந்தப் பேர் மைதானத்தைச் சுற்றி வந்தது. சந்தனம், சந்தனம். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இது என்ன பழங்காலத்துப் பேர் என்று ரெண்டு பேர் சிரித்தார்கள். மங்கலமான பேர் என்று குப்புராஜ் தட்ட, அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். பச்சையம்மா மட்டும் தட்டவில்லை. பிள்ளைக்கு நீட்டின கை அப்படியே நின்றது. “அந்த டீத்தூள்காரரு பேருங்களா?” என்றாள். “உனக்குத் தெரியுமா?” என்றார் ஏகாம்பரம். “எங்க தெருவுக்கு வருவாருங்க. கால் கிலோ வாங்கினா ஒரு கை மேல போடுவாரு. அன்னிக்கி எம்புள்ளய மார்ல அடக்கினு மொதல்ல ஓடினவ நாந்தான். திரும்பிப் பாக்கல.” அவள் குரலில் பழி ஒன்றும் இல்லை. ரெண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்த மாதிரி சொன்னாள். “உம்மேல என்னம்மா தப்பு” என்றார். குழந்தையை அவள் கையில் கொடுத்தார். சீட்டு பாதி குழந்தை வாயில் இருந்தது. பச்சையம்மா விரலை விட்டு அதை எடுத்து, எச்சிலோடு சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மைக்கைத் தானே வாங்கிக்கொண்டார். ஐம்பது வருஷப் பழக்கம், கை மைக்கைப் பிடித்ததும் நெஞ்சு தானாக நிமிரும். இன்றைக்கு நிமிரவில்லை. “படையை அனுப்பச் சொல்லித்தான் என்னைப் பேச அனுப்பினாங்க” என்றார். “நான் அதைச் சொல்லப்போறதில்லை. திங்கக்கெழமை என் கை தூக்காது.” கைதட்டத் தயாராக இருந்த கூட்டம் தட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது. “இந்தப் பேரு யாருதுன்னா, இந்த மைதானத்துல நாம அடிச்சிக் கொன்னவர்து. தமிழ் ஆளு. நான் சொன்ன ஒரு வரிக்கு அடிச்சீங்க. நான் இங்கயே நின்னு பேசிக்கினு இருந்தேன்.” பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான், செத்தது ஆறு பேர்யா, அவங்களுக்கு இன்னா பதில். நியாயமான கேள்விதான். லோகநாதன் வானத்தைப் பார்த்தானே, அதற்கு என்ன பதில். இன்னும் அடிவயிற்றில் அந்தச் சூடு இருக்கத்தான் செய்தது, அணையவில்லை. பதில் தேடி அவர் வாயைத் திறந்தார். அப்போது அந்தச் சத்தம் வந்தது. பெரிசில்லை. குழந்தை பலூன் உடைகிற மாதிரிதான். டப். மேடையில் இருபத்தேழு பேரில் ஒருத்தருக்கும் அது கேட்டிருக்காது. இந்த ஒரு சத்தத்துக்காகவே முப்பத்தெட்டு வருஷம் காதைத் தீட்டி வைத்திருந்தவருக்குக் கேட்டது. கடைசி மூங்கிலுக்குக் கீழே ஒரு தாடி வெள்ளையாகிவிட்டிருந்தது.

மைக்கைக் குப்புராஜ் மடியில் வைத்தார். “தலைவரே, பேச்சு?” என்று குப்புராஜ் வேட்டியைப் பிடித்தார். “பேசத்தான் போறேன், விடு.” ஐந்து படி. ஒவ்வொன்றாக இறங்கினார். கையைப் பிடிக்க யாரும் வரவில்லை. தோளிலிருந்து பொன்னாடைகள் ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன, ஒன்றில் கால் சிக்கி, உதறினார். உட்கார்ந்திருந்த பெண்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். தண்ணீர் விட்ட மாதிரி வேட்டி தொடையோடு ஒட்டியது, அடக்கி வைத்திருந்தது போய்விட்டது, போகட்டும். பின்னாலேயே பச்சையம்மா வருவது தெரிந்தது, பிள்ளை அழுகிற சத்தம் கூடவே வந்தது. “புள்ளைய வெச்சினு வராதம்மா” என்றார். “அன்னிக்கும் வெச்சினுதான் ஓடினேன், நீங்க நடங்க” என்றாள். முன்னால் முதுகுகள், கறுப்புத் துணி முடிச்சுகள், அவற்றுக்கு நடுவே மேலே ஏறி இறங்குகிற ஒரு கை. தோலைக் கல்லில் அறைகிற சத்தம் இன்னும் வரவில்லை. வருவதற்குள் போக வேண்டும். மைக் இல்லாமல் தன் குரல் எத்தனை தூரம் போகும் என்று இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது. “அவர விடுங்கடா” என்றார். கிழட்டுக் குரல், நாலு வரிசைக்கு மேல் எட்டவில்லை. எட்டுகிற தூரத்துக்குப் போக வேண்டியதுதான் என்று நடந்தார்.